ஃபார்மலின் பாட்டிலைத் திறக்கும் முன்: இளம் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் இரவு பகலாக நிற்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பி.ஜி. டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் லேபில் டெக்னீஷியன். பதினெட்டு வருடமாகப் பூஞ்சைப் பிரிவில் இருக்கிறேன். உங்களில் பலர் என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வராந்தாக் கோடியில் சாம்பிள் வாங்கும் ஜன்னலுக்கு உள்ளே, மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. உங்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் பயாப்சி எடுத்தவுடன் உங்கள் கை எந்தப் பாட்டிலுக்குப் போகிறது என்பதில் ஓர் உயிர் தொங்குவதை இந்த ஜன்னலிலிருந்து பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். மாலையானால் காய்ச்சல். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். ஸ்கேனில் இரண்டு பக்க அட்ரினல் சுரப்பிகளும் வீங்கியிருந்தன. வேறொரு மருத்துவமனையில் டி.பி. என்று முடிவு செய்து ஏழு மாதம் மருந்து கொடுத்திருந்தார்கள். எந்த முன்னேற்றமும் இல்லை. இங்கே ஊசி போட்டு அட்ரினலிலிருந்து சதை எடுத்தார்கள். எடுத்தது முழுவதும் ஃபார்மலினுக்குள் போய்விட்டது. ஒரு வாரம் கழித்துப் பேத்தாலஜியிலிருந்து ரிப்போர்ட் வந்தது. செல்களுக்குள்ளே மிகச் சிறிய உருண்டைகள் தெரிகின்றன, பூஞ்சையாக இருக்கலாம், கல்ச்சர் செய்து உறுதிப்படுத்தவும் என்று எழுதியிருந்தார்கள். கல்ச்சருக்கு எதை வைப்பது? அவருடைய மகன் அந்த ஃபார்மலின் பாட்டிலையே கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வந்தார். "இதிலேர்ந்து வளர்த்துப் பார்க்க முடியாதாம்மா?" என்று கேட்டார். முடியாது என்று நான்தான் சொன்னேன். ஃபார்மலின் சதையின் வடிவத்தைக் காப்பாற்றும். அதிலிருக்கும் உயிரைக் கொன்றுவிடும்.

இரண்டாவது முறை ஊசி போட அவர் உடம்பில் தெம்பில்லை. கடைசியில் நாக்குப் புண்ணைச் சுரண்டி அனுப்பினார்கள். நாலாவது வாரத்தில் வெள்ளைப் பஞ்சு போல வளர்ந்தது. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை. ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து ஏறியது, அப்புறம் மாதக்கணக்கில் இட்ராகோனசோல் மாத்திரை. பிழைத்தார். ஆனால் அட்ரினல் இரண்டும் போய்விட்டதால் ஆயுள் முழுக்க ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. முதல் நாளே அந்தச் சதையில் அரிசி முனை அளவு ஒரு துண்டு, கிருமி நீக்கிய உப்புநீரான சலைனில் வந்திருந்தால் எத்தனை வாரம் மிச்சமாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பேத்தாலஜி ஸ்லைடில் உருண்டை, எங்கள் டியூபில் பஞ்சு இழை. இரண்டும் ஒரே பூஞ்சை என்பதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளாததால்தான் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது என் எண்ணம். எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடத்தில் இரட்டை வடிவப் பூஞ்சை என்று எல்லோரும் படித்துத்தான் வருகிறீர்கள். பரீட்சை முடிந்ததும் அது ஒரு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. எனக்கோ அதுதான் தினசரி வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹிஸ்டோபிளாஸ்மா மண்ணில் வாழ்வது. வௌவால் எச்சமும் பறவை எச்சமும் சேர்ந்த மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். அங்கே அது இழை இழையாகப் படர்ந்து நுண்ணிய வித்துகளை விடுகிறது. பழைய கட்டடத்தை இடிக்கும்போதோ குகைக்குள் நடக்கும்போதோ அந்த வித்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகின்றன. வெளியே 25 டிகிரி, உள்ளே 37 டிகிரி. இந்தப் பன்னிரண்டு டிகிரிதான் அதற்குச் சமிக்ஞை. சூடு பட்டவுடன் முதலில் அதன் சுவாசம் தடுமாறுகிறது, ஆற்றல் சரிகிறது, நாட்கணக்கில் செத்ததுபோல் கிடக்கிறது. பிறகு மெல்ல எழுந்து வேறு ஆளாகிறது. இழை போய், 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள, மொட்டு விடும் ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் உருண்டைகளாகப் பெருகத் தொடங்குகிறது.

அது போய்ச் சேரும் இடம்தான் ஆச்சரியம். கிருமியை விழுங்கிக் கொல்வதற்கென்றே நம் உடம்பு வைத்திருக்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. விழுங்கிய பையில் அமிலத்தை ஏற்றிக் கரைப்பது அந்தச் செல்லின் வழக்கம். ஈஸ்ட் வடிவில் இருக்கும் ஹிஸ்டோபிளாஸ்மா அந்தப் பையில் அமிலம் ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறது. பூஞ்சை என்று நம் செல்கள் அடையாளம் கண்டுகொள்வது அதன் சுவரிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியை வைத்துத்தான். ஈஸ்ட் அதன்மேல் ஆல்ஃபா குளுக்கான் என்ற இன்னொரு சங்கிலியைப் போர்த்தி மூடிவிடுகிறது. அப்புறம் அந்தச் செல்லையே வண்டியாக்கிக்கொண்டு நிணநீர் முடிச்சு, மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, அட்ரினல் என்று ஊர்வலம் போகிறது.

நோய் உண்டாக்குவதற்கு இந்த மாற்றம் கட்டாயம் வேண்டுமா, தற்செயலா என்று நீண்டகாலம் சந்தேகம் இருந்தது. 2006-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் க்ளைனின் குழு அதற்குப் பதில் சொன்னது. பிளாஸ்டோமைசஸ் என்ற இன்னொரு உருமாறும் பூஞ்சை, ஹிஸ்டோபிளாஸ்மா இரண்டிலும் டி.ஆர்.கே.1 என்ற ஒரே மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். 37 டிகிரியில் வைத்தாலும் பூஞ்சை ஈஸ்டாக மாறவில்லை, இழையாகவே நின்றது. எலிகளுக்குக் கொடுத்தபோது நோயும் வரவில்லை. வடிவம் மாறினால்தான் நோய். இந்த வரியை முதன்முதலில் எங்கள் மேடம் வாய்வழியாகக் கேட்ட அன்று எனக்குப் பல விஷயங்கள் ஒன்றாகப் பிடிபட்டன.

இந்த வேஷத்தில் ஏமாந்தவர்கள் பெரிய ஆட்களும்தான். பனாமா கால்வாய் தோண்டிய காலம், 1905 டிசம்பர். மார்த்தினிக் தீவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தச்சர் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர் செல்களுக்குள் சின்னச் சின்ன உருண்டைகளைக் கண்டார். காலா அசார் என்ற காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். இதுவும் அப்படி ஓர் ஒட்டுண்ணிதான் என்று முடிவு செய்து, உறை போட்ட உயிர் என்று நினைத்து ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம் எனப் பெயர் வைத்தார். அது ஒட்டுண்ணியும் இல்லை, அதற்கு உறையும் இல்லை. சாயம் ஏற்றும்போது செல் சுருங்கி விடும் வெள்ளை வளையம்தான் உறை போலத் தெரிந்தது. 1934-ல் அமெரிக்காவில் வில்லியம் டிமான்புருன் அதைக் கல்ச்சரில் வளர்த்து, இழையாகவும் ஈஸ்டாகவும் மாற்றிக் காட்டிய பிறகுதான் பூஞ்சை என்று உறுதியானது. நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருடம்.

அதைவிட என் மனதைத் தைத்த கதை கலிபோர்னியாவில் நடந்தது. காக்ஸிடியாய்ட்ஸ் என்ற பூஞ்சை, பாலைவன மண்ணில் இழையாக இருக்கும். உடம்புக்குள் வந்தால் ஈஸ்டாகக்கூட ஆகாது. பெரிய உருண்டையாக ஊதி, உள்ளே நூற்றுக்கணக்கான குட்டிகளை நிரப்பிக்கொண்டு வெடிக்கும். 1890-களில் அந்த உருண்டைகளைச் சதையில் பார்த்தவர்கள் அதையும் ஒட்டுண்ணி என்றே நம்பினார்கள். கல்ச்சர் வைத்தபோதெல்லாம் வெள்ளைப் பூஞ்சை வளர்ந்தது. வெளியிலிருந்து விழுந்த அசுத்தம் என்று ஒதுக்கினார்கள். 1900-ல் ஓஃபுல்ஸ், மாஃபிட் என்ற இருவர்தான் அந்த வெள்ளைப் பூஞ்சையே நோய்க்கிருமி என்று காட்டினார்கள். தேடிய திருடன் கையிலேயே இருந்தான். அவனை ஒவ்வொரு முறையும் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

இது நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய கதை என்று விட்டுவிட முடியவில்லை. பாக்டீரியா கல்ச்சர் பிளேட்டை இரண்டு நாளில் பார்த்து, வளர்ச்சி இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்துத் தூக்கிப் போடுவது எல்லா லேபிலும் நடப்பது. ஹிஸ்டோபிளாஸ்மா நாலிலிருந்து ஆறு வாரம் கேட்கும். சீட்டில் பூஞ்சை என்ற வார்த்தை இல்லாவிட்டால், நாங்கள் ஏன் ஆறு வாரம் காத்திருக்கப்போகிறோம்? லேப் சீட்டில் பயாப்சி என்ற ஒற்றை வார்த்தையோடு வரும் பாட்டில்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நோயாளிக்கு என்ன தொழில், எத்தனை மாதமாகக் காய்ச்சல், டி.பி. மருந்து எடுத்தாரா, எச்.ஐ.வி. உண்டா, சர்க்கரை உண்டா, வடகிழக்கு மாநிலங்களிலோ வங்காளத்திலோ இருந்து வந்தவரா? இரண்டு வரி போதும். மணிப்பூரிலிருந்து வந்த ஒருவருக்கு முகமெங்கும் நடுவில் குழி விழுந்த கொப்புளங்கள் என்று எழுதியிருந்தால், டாலரோமைசஸ் நினைவுக்கு வரும். அதுவும் உருமாறும் பூஞ்சைதான். 25 டிகிரியில் வைத்தால் பிளேட்டையே குங்குமச் சிவப்பாக்கும். உடம்புக்குள்ளோ மொட்டு விடாமல் நடுவில் குறுக்குச் சுவர் போட்டு இரண்டாகப் பிளக்கும். அந்தக் குறுக்குச் சுவரைத் தேடிப் பார்க்கச் சொல்வது உங்கள் இரண்டு வரிதான்.

எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உயிரும் அதில் இருக்கிறது. ஹிஸ்டோபிளாஸ்மா நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினாலும் யாருக்கும் தொற்றாது. அவர் உடம்பில் இருப்பது ஈஸ்ட். அது காற்றில் பறக்காது. அதே பூஞ்சை எங்கள் டியூபில் 25 டிகிரியில் இழையாகிவிட்டால் வித்துகளைத் தூவும். மூடியைத் தெரியாமல் திறந்தால் எங்கள் நுரையீரலுக்குள் போகும். வார்டில் நோயாளியைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, லேபுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சாம்பிளை அனுப்பும்போது எச்சரிக்கை இடம் மாறிவிடுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு போன் செய்யுங்கள். நாங்கள் பிளேட்டுக்குப் பதில் டியூபில் வைப்போம், பாதுகாப்புக் கேபினட்டுக்குள் மட்டுமே திறப்போம்.

சரி, எல்லாப் பூஞ்சையும் இழையிலிருந்து ஈஸ்டாகத்தான் மாறுமா என்றால், இல்லை. கேண்டிடா அல்பிகன்ஸ் நேர் எதிர்த்திசையில் போகும். நம் வாயிலும் குடலிலும் ஈஸ்டாக அமைதியாக இருப்பது, சமயம் கிடைத்தால் இழை நீட்டித் திசுவைத் துளைக்கிறது. அந்த இழை வெறும் ஈட்டி மட்டும் இல்லை. கேண்டிடாலைசின் என்ற நஞ்சையும் அது சுரக்கிறது என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். வெறும் 31 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதத் துண்டு, நம் செல்லின் தோலில் ஓட்டை போடுகிறது. விழுங்கிய மேக்ரோஃபேஜுக்குள்ளேயே இழை வளர்ந்து அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் படத்தைப் பார்த்தால் மறக்காது. நாங்கள் தினமும் செய்யும் முளைக்குழாய் பரிசோதனை இந்தக் குணத்தை வைத்துத்தான். சீரத்தில் கொஞ்சம் கலந்து 37 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்தால் ஈஸ்டிலிருந்து ஒரு வால் முளைக்கும். பயறு முளை விடுவதுபோல இருக்கும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இரத்தக் கல்ச்சரில் ஈஸ்ட் என்று நாங்கள் போன் செய்தால், தோலிலிருந்து வந்த அசுத்தமாக இருக்கும் என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். இரத்தத்தில் பயணம் செய்ய அதற்கு ஈஸ்ட் வடிவம் வசதி, ஒட்டிய இடத்தில் ஊடுருவ இழை வடிவம் வசதி.

நம் எல்லோருக்கும் தெரிந்த தேமல்கூட இப்படித்தான். மலசீசியா எல்லோர் தோலிலும் ஈஸ்டாக இருப்பது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடும்போது சிலருக்கு அது குட்டை இழைகளை விடுகிறது, தேமல் தெரிகிறது. சுரண்டலில் கே.ஓ.எச். என்ற காரக் கரைசல் விட்டுப் பார்த்தால் இடியாப்பத்தின்மேல் சீடையைத் தூவியதுபோல இருக்கும். புதிதாக லேபுக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஸ்லைடைத்தான். ஒரு பூஞ்சை தன் இரண்டு வடிவத்தையும் ஒரே வட்டத்துக்குள் காட்டும் இடம் அது.

கிராமத்திலிருந்து வருபவர்களை நீங்கள் அதிகம் பார்ப்பதால் முள் குத்தியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயலில் முள் குத்தி, வருடக்கணக்கில் காலில் மருவும் பூக்கோசும் போல வளர்ந்து வருபவர்கள் உண்டு. குரோமோபிளாஸ்டோமைகோசிஸ். மண்ணில் கறுப்பு இழையாக இருந்த பூஞ்சை, தோலுக்குள் தடித்த சுவருள்ள பழுப்பு உருண்டைகளாகி, குறுக்கும் நெடுக்கும் தடுப்புப் போட்டுக்கொள்ளும். மங்கிய செப்புக்காசு போல இருக்கும். புண்ணின் மேலே தெரியும் கறுப்புப் புள்ளியை மெல்ல எடுத்து அனுப்பினால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சுத்தமாகத் துடைத்துவிட்டு ஓரத்தில் சுரண்டி அனுப்பினால் ஒன்றும் கிடைக்காது. முள் குத்தித் தோலுக்குள் போகும் இன்னொரு பூஞ்சையான ஸ்போரோத்ரிக்ஸ் இன்னும் கஷ்டம். அதன் ஈஸ்ட் சதையில் அபூர்வமாகவே கண்ணில் படும். ஸ்லைடு பெரும்பாலும் நெகட்டிவ், கல்ச்சரில்தான் பிடிபடும். 1940-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் முட்டுக்கொடுத்த மரத்திலிருந்து ஏறத்தாழ 3000 தொழிலாளர்களுக்கு இது தொற்றியது. சலைன் பாட்டில் இல்லாமல் இந்த நோயைக் கண்டுபிடிக்கவே வழியில்லை என்று சொல்வேன்.

அப்புறம் மதுராக் கால். நம் மதுரையின் பெயரையே சுமக்கும் நோய். 1842-ல் ஜான் கில் என்பவர் மதுரையில் கண்டு எழுதினார். 1860-ல் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் அதற்கு மைசிடோமா என்று பெயர் வைத்தார். உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்க்க 2016 ஆனது. வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் நோய் என்பதால்தான் இத்தனை தாமதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதிலும் பூஞ்சை உருவம் மாற்றுகிறது. ஈஸ்டாகாமல், இழைகள் நெருக்கிப் பின்னிக் குருணையாகத் திரண்டு, மெலனின் பூசிக்கொண்டு மருந்தும் நம் செல்களும் நுழைய முடியாத கோட்டை ஆகிறது. ஆனால் இதே குருணையைச் சில பாக்டீரியாவும் செய்யும். வெளியே பார்க்க இரண்டு வகையிலும் கால் ஒன்றுபோல வீங்கித் துளை துளையாக ஒழுகும். பூஞ்சை என்றால் மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து, பெரும்பாலும் அறுவையும். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக்கே பல நேரம் போதும். குருணையை இரண்டு ஸ்லைடுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தால் இழையின் தடிமனிலேயே தெரிந்துவிடும். ஒரு மைக்ரான் அளவு மெல்லியதென்றால் பாக்டீரியா, அதைவிடத் தடிமனென்றால் பூஞ்சை. கட்டைப் பிரிக்கும்போது துணியில் ஒட்டியிருக்கும் அந்தக் குருணையைக் குப்பையில் போடாமல் சலைனில் போட்டு அனுப்புங்கள். ஒருவருடைய கால் நிற்பதும் போவதும் அதில் இருக்கலாம்.

2021-ல் கொரோனாவின் இரண்டாவது அலையோடு கறுப்புப் பூஞ்சை வந்தபோது நாடு முழுக்க 40,000 பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டார்கள். அந்த மே, ஜூன் மாதங்களை நம்மில் யாரும் மறக்க முடியாது. அப்போது நாங்கள் கற்ற பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புப் பூஞ்சை நோயை உண்டாக்கும் மியூகர் வகைப் பூஞ்சைகளின் இழையில் குறுக்குச் சுவர்கள் அபூர்வம். நீளமான ஒற்றைக் குழாய் போன்றது. சதையை அம்மியில் அரைப்பதுபோல் அரைத்தால் குழாய் உடைந்து உள்ளே இருப்பது வடிந்து செத்துவிடும். ஸ்லைடில் இழை தெரியும், கல்ச்சரில் வளராது. கீரை நறுக்குவதுபோல் பொடியாக நறுக்கத்தான் வேண்டும். அது எங்கள் வேலை. உங்கள் வேலை, சீட்டில் மியூகர் சந்தேகம் என்று எழுதுவது. எழுதாவிட்டால் அன்று டியூட்டியில் இருப்பவர் வழக்கம்போல் அரைத்துவிடக்கூடும்.

ஃபார்மலின் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பேத்தாலஜியில் ஜி.எம்.எஸ். சாயம் போட்டுக் கறுப்பாகத் தெரியும் அந்த உருண்டையைப் பார்க்காமல் பல சமயம் எங்களுக்கே நம்பிக்கை வராது. திசுவுக்குள் பூஞ்சை என்ன வேஷத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுவது ஃபார்மலின் பாட்டில். வேஷத்தைக் கலைத்து ஆள் யார் என்று காட்டுவது சலைன் பாட்டில். இரண்டும் சேர்ந்தால்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். உதாரணமாக எக்கினோகேண்டின் வகை மருந்து கேண்டிடாவுக்கு நன்றாக வேலை செய்யும், ஹிஸ்டோபிளாஸ்மாவுக்கு அதை நம்ப முடியாது.

துறைத் தலைவர்களும் யூனிட் சீஃப்களும் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தியேட்டர் டிராலியில் ஃபார்மலின் பாட்டில் எப்போதும் தயாராக இருக்கிறது; சலைன் ஊற்றிய ஸ்டெரைல் பாட்டில் கேட்டால்தான் வருகிறது. இரவு இரண்டு மணிக்கு அசந்துபோய் நிற்கும் ஹவுஸ் சர்ஜன் கைக்கு எட்டுவதைத்தான் எடுப்பார். அவர்மேல் தப்பில்லை. இரண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி செய்துவிட்டால் போதும்.

எங்கள் லேபில் சலைன் ஊற்றி மூடி, நீல லேபிள் ஒட்டிய பாட்டில்களை ஜன்னல் ஓரத்து டிரேயில் வைத்திருக்கிறோம். தியேட்டருக்குப் போகும் வழிதான். இரவு டியூட்டியில் இருப்பவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எந்த நேரமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், சாம்பிளோடு திரும்பி வந்து ஜன்னலைத் தட்டுங்கள்.

அன்புடன்,
பூஞ்சைப் பிரிவிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்